இரண்டாம் நாள் எங்கே? மகால், காந்தி மியூசியம், கீழடி

மதுரைக்கு விருந்தாளி வந்தால் முதல் நாள் மீனாட்சியம்மன் கோயில். அதில் பேச்சே இல்லை. இரண்டாம் நாள்தான் வீட்டில் பட்டிமன்றம். "ஊரோட பழைய கதை தெரியுற மாதிரி ஏதாவது காட்டுங்க" என்று கேட்பவர்களுக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன: நாயக்கர் மகால், தமுக்கத்தில் காந்தி மியூசியம், ஊரைத் தாண்டிக் கீழடி அகழாய்வு அருங்காட்சியகம். போன கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து சித்தியும் எட்டாவது படிக்கும் அவர் பேரனும் வந்தபோது கீழடிக்குப் போனோம். இனி யார் வந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

மகாலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1636இல் திருமலை நாயக்கர் கட்டியது. இன்று நிற்பது அந்தப் பெரிய அரண்மனையின் ஒரு பகுதிதான். தூண்களை அண்ணாந்து பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். சீக்கிரமே பிள்ளைகள் "அப்புறம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாலை ஒலி-ஒளிக் காட்சியைப் பலர் புகழ்கிறார்கள். நான் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அதற்கு மார்க் போட மாட்டேன்.

காந்தி மியூசியத்தை அப்படிக் கடந்துபோக முடியாது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்து, 1959இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பரில் அவர் மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில், மேலமாசி வீதியில். இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் நின்றால் யாருக்கும் பேச்சு வராது. ஊருக்குள்ளேயே இருப்பதால் ஆட்டோவில் போய்விடலாம்.

ஆனால் மற்ற பகுதியெல்லாம் படிக்க வேண்டியது. சுதந்திரப் போராட்டம் முழுவதும் படமும் எழுத்துமாகச் சுவரில் வரிசையாக நிற்கிறது. அலட்சியமாகச் செய்ததல்ல, நல்ல உழைப்புதான். இருந்தாலும் குடும்பமாகப் போனால் ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே நகர்கிறார்கள்.

நான் கீழடிப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான்: அங்கே விளக்கம் சொல்ல வெளியாள் வேண்டாம், கூட வந்த பெரியவர்களே போதும். முதலில் தோண்டியவர் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா, கிடைத்தவற்றின் காலம் கி.மு. 580 வரை போகிறது என்று 2019இல் வெளியான கரிமப் பகுப்பாய்வு முடிவு, அந்தக் காலக் கணிப்பையொட்டி இன்றுவரை ஓயாத சண்டை, இதெல்லாம் நமக்குச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்ததுதான். பெட்டிக்குள் இருப்பதோ வீட்டுச் சாமான். ராஜா படம் இல்லை, போர்க்களம் இல்லை. கறுப்பு சிவப்புப் பானை, நூல் நூற்கும் தக்களி, தந்தத்தில் சீப்பு, பகடை, காதணி, மணி.

உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளை ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள். சித்தி குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது நாங்க பாண்டி ஆடுன சில்லுல்ல?" என்றார். பேரன் நம்பவில்லை. எப்படிக் கோடு கிழிப்பது, எந்தக் கட்டத்தில் கால் ஊன்றலாம் என்று அவர் அங்கேயே நொண்டிக் காட்டப் போக, நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். உறைகிணற்றுக்கு வந்தபோதும் பாடம் எடுத்தவர் அவர்தான்: சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் பக்கத்து மணல் சரியாது என்று. பையன் போனைப் பையில் போட்டது அப்போதுதான். பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய 'ஆதன்' என்ற பெயருக்கு மட்டும் பலகையைப் படிக்க வேண்டியிருந்தது.

பானை எப்படிப் பிடிப்பது, கிணற்றை எப்படி இறக்குவது என்று தெரிந்த பாட்டிகள் இன்னும் எத்தனை வருஷம் நம்மோடு காரில் ஏறி வருவார்கள்? பேரன் வளர்ந்தபிறகும் மகால் தூண் அங்கேயேதான் நிற்கும்.

குறைகளும் உண்டு. கீழடி மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர், ராமநாதபுரம் சாலையில் சிலைமான் பக்கம், சிவகங்கை மாவட்டத்தில். சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் இழுபறிதான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகு, சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதுக்குப் போனால் முட்டி வலிக்காரர்கள் முனகுவார்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தோண்டிய எல்லாக் குழியையும் திறந்தபடி நேரில் பார்க்கலாம் என்று எதிர்பார்த்தும் போகாதீர்கள். ஆய்வு முடிந்த குழிகள் பலவற்றை மண் போட்டு மூடிவிடுகிறார்கள். பள்ளிக்கூட நாளில் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றால் கூட்டம் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது, நாங்கள் போனது விடுமுறையில்.

வருகிறவர் தனி ஆள், பலகை பலகையாக நின்று படிக்கிற ரகம் என்றால் கதை வேறு. அவரைக் காந்தி மியூசியத்தில் இறக்கிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் போய்க் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.