பத்து வயது தாண்டிய தோஸ்த் வண்டியை நம்பி விடக்கூடிய இடம்: சாத்தங்காடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்

நான் வைத்திருப்பது 2015 மாடல் அசோக் லேலண்ட் தோஸ்த், சின்ன சரக்கு வண்டி. சொந்த வண்டி, நானே டிரைவர், எடுப்பது பெரும்பாலும் அர்ஜென்ட் லோடு. ராத்திரி பத்து மணிக்கு அம்பத்தூரிலோ மணலியிலோ ஏற்றினால், விடிந்ததும் ஓசூரில் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். உதிரி பாகம் வராமல் அங்கே லைன் நிற்கும் என்பதால்தான் வாடகை கூட்டித் தருகிறார்கள். வாலாஜா தாண்டி வண்டி படுத்துக்கொண்டால் அந்த வாடகையும் போச்சு, பார்ட்டியும் போச்சு. அதனால் ஒர்க்‌ஷாப் விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் வழியில், சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது இந்த ஒர்க்‌ஷாப். போர்டில் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. "பாய் ஒர்க்‌ஷாப்" என்று கேட்டால் டீக்கடையில் கை காட்டுவார்கள். பாயும் இரண்டு பையன்களும் மட்டும்தான். சின்ன சரக்கு வண்டிகளைத் தவிர வேறு எதிலும் கை வைப்பதில்லை.

எண்ணூர் விரைவுச் சாலையில் தினம் போய் வருகிற வண்டிகளுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் அரித்துக்கொண்டே போகும். பாய் பிட்டில், அதாவது வண்டிக்கு அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கி, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டு வருவார். நல்ல இரும்பு "டங்" என்கிறது. அரித்த இடம் "டொப்" என்று செத்துப்போன சத்தம் கொடுக்கிறது. "தம்பி, நீங்களே இறங்கி வந்து கேளுங்க" என்று என்னையும் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார். கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் மேல் பெயின்ட். நம் பக்கம் பல பேர் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசிவிடுவார்கள். பாய் அதைச் செய்யவே மாட்டார். ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊறி உப்பிவிடும், அப்புறம் அதையும் மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொல்வதுதான் சரி.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். அளவு குறையவில்லை என்பதற்காக வருடக்கணக்கில் யாரும் மாற்றுவதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் ஒரேயடியாகக் கீழே போய்விடும். ஓசூரில் இறக்கிவிட்டு சேலத்துக்கு லோடு கிடைத்தால் தொப்பூர் இறக்கத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று பாய் பிடிவாதமாக நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. டயரிலும் பட்டன் (தரையில் பதியும் வரிகள்) ஆழத்தை மட்டும் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படிக்கிறார். 3219 என்றால் 2019-ஆம் வருடம் 32-வது வாரம் தயாரானது. அதைப் பார்த்துத்தான் ஸ்டெப்னியைத் தூக்கிப் போடச் சொன்னார்.

வயதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இத்தனை வருடம் ஆனால் சரக்கு வண்டி ஓடக்கூடாது என்று பொதுவான வரம்பு இல்லை. டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கணக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுதான். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் காட்ட வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் தோஸ்த்துக்குப் பர்மிட் வேண்டாம், ஆனால் எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் ஏறக்கூடாது. ஏழு வருடம் தாண்டினால் பசுமை வரியும் உண்டு.

சட்டம் இவ்வளவுதான். லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ்களில் வேறு கதை. எட்டு வருடம், பத்து வருடம் என்று அவரவர் இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டு, ஆர்.சி.யில் வருடத்தைப் பார்த்ததும் போனை வைத்துவிடுகிறார்கள். நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்கும், கவனிக்காமல் விட்ட நாலு வருட வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரிவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

இங்கேதான் பாயின் நோட்டு கை கொடுத்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நீள நோட்டு: தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், அதன் பில் ஒட்டியிருக்கும். கழற்றிய பழைய பிரேக் லைனிங்கையும் பேரிங்கையும் கவரில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார். லைனிங் ரானே கம்பெனி, பெல்ட் ஃபென்னர் கம்பெனி. பெட்டியை நம் கண் முன்னால்தான் பிரிக்கிறார். அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து மாதவரத்தில் ஒரு ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். வண்டியை நேரில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, லோடு கொடுத்தார். இன்றுவரை கொடுக்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கிடையாது. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டியில் சென்சார் லைட் எரிந்தால் கம்பெனி சர்வீஸுக்குப் போகச் சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் சந்தில் முழங்கால் தண்ணீர், பிட் நிரம்பிவிடும். நவம்பரில் அடிப்பக்க வேலையை நம்பிப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடுவார். லேபர் அக்கம்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான், பேரம் பேசினால் முகம் சுருங்கும். எஃப்.சி.க்கு இரண்டு நாள் முன்னால் போய், பெயின்ட் மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டால் வண்டியை உள்ளேயே விடமாட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் விட்டால் காலையில் எடுத்துக்கொள்ளலாம், முந்தின நாளே போன் செய்துவிட்டால் போதும். லோடு இறக்கி, அடிப்பக்கம் வாட்டர் வாஷ் அடித்துக் கொண்டுபோங்கள். சேறு ஒட்டியிருந்தால் சுத்தியல் சத்தம் சரியாகக் கேட்காது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.