விடுதிச் சாக்கடைக்குக் காற்றூதியா, கல்வாழையா?

இந்திய நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது பொறியாளர்கள் போடும் வழக்கமான கணக்கு. அதில் 80 சதவீதம் சாக்கடையாக வெளியேறும். 1000 மாணவர்கள் தங்கும் விடுதியிலிருந்து தினமும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. இது வளாகக் குளத்தில் அப்படியே கலந்தால், தண்ணீர் பச்சையாகி ஆகாயத்தாமரை மூடிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

கட்டுமானக் குழுவின் மேசைக்குப் பொதுவாக இரண்டு திட்டங்கள் வரும். ஒன்று, கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றை ஊதித் தள்ளும் இயந்திரமான காற்றூதியை வைத்து இயக்கும் சுத்திகரிப்பு நிலையம். மற்றொன்று, ஜல்லிப் படுகையில் கல்வாழை, சம்பு, நாணல் நட்டு அதன் வழியே கழிவுநீரைக் கசிய விடுவது. ஆரோவில்லில் இத்தகைய படுகைகளைப் பார்க்கலாம்.

காற்றூதி நிலையத்தின் பெரிய பலம் இடச் சிக்கனம். விடுதியின் பின்புறத்தில் ஒரு மூலை போதும். கழிவைத் தின்று தீர்க்கும் வேலையைச் செய்வதென்னவோ பாக்டீரியாக்கள்தான். இயந்திரம் அவற்றுக்கு மூச்சு கொடுக்கிறது, அவ்வளவே. நிலையம் நலமாக இருக்கிறதா என்று அறிய ஆய்வகம் வரை போக வேண்டாம். காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டரை அளவு உருளையில் மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். பழுப்புக் கசடு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றால் நல்லது. முகர்ந்தால் மண்வாசனைதான் வரும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் காற்றூதியை நிறுத்திவைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இந்த இரண்டாவது காட்சிதான் கிடைக்கும்.

விடுமுறை இன்னொரு தலைவலி. மே மாதம் விடுதி காலியாகிறது, கழிவுநீர் வருவதில்லை, பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கின்றன. ஜூனிலோ ஜூலையிலோ எல்லோரும் ஒரே வாரத்தில் திரும்பும்போது மெலிந்துபோன கூட்டத்தால் அத்தனையையும் தின்ன முடியாது. விலைப்புள்ளி கொடுக்கும் நிறுவனங்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. குழுவிலும் யாரும் கேட்பதில்லை.

கல்வாழைப் படுகை இந்த ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு தாங்கும். விடுமுறையில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் செடிகள் பிழைத்துக்கொள்ளும். சரிவு கிடைத்தால் மின்சாரமே வேண்டாம். நீர்மட்டம் ஜல்லிக்கு அடியிலேயே இருப்பதால் கொசு பெருகும் என்ற பயமும் தேவையில்லை. (கொசுவைக் காரணம் காட்டி இத்திட்டத்தை ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் திறந்த குட்டையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.) ஆனால் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் நிலம் வேண்டும்; 1000 பேருக்குக் கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர். நகர நடுவே இருக்கும் கல்லூரிக்கு இது ஆகாத காரியம்.

படுகைக்கும் எமன் உண்டு: சமையற்கூட எண்ணெய். பூரி பொரித்த வாணலியைக் கழுவிய நீர் நேராக உள்ளே போனால் ஜல்லியின் இடுக்குகள் அடைபட்டு, கழிவுநீர் மேலே தேங்கும். பிறகு ஜல்லியை அள்ளிக் கழுவுவதைத் தவிர வேறு வழி இருக்காது. எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியும், திடக்கழிவு படிய ஒரு செப்டிக் தொட்டியும் முன்னால் இருந்தே ஆக வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் மிதக்கும் ஆடையை வாராவாரம் வழித்தெடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

கழிப்பறைகளில் மறுபடி பயன்படுத்துவதானால் இரண்டில் எதிலிருந்து வரும் நீரையும் வடிகட்டிக் குளோரின் சேர்க்க வேண்டும். வேதியியல் ஆய்வகத்தின் குரோமியமும் பாதரசமும் இரண்டுக்குமே ஆகாதவை. அவற்றைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும்.

புறநகரில் பரந்த நிலம் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நான் கல்வாழைக்கே வாக்களிப்பேன். இடமில்லாத கல்லூரி காற்றூதியை வாங்கட்டும். கூடவே 24 மணி நேர மின்சாரத்துக்கும், அந்த உருளையைத் தினமும் பார்க்கத் தெரிந்த ஒருவரின் சம்பளத்துக்கும் முதல் ஆண்டிலேயே நிதி ஒதுக்கட்டும்.