டெமோவை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்: எங்கள் ஆன்போர்டிங் டூல் அனுபவம்

நிறுவனத்துக்குள் பயன்படுத்த ஒரு டூல் செய்யும் வேலையை வெளியாரிடம் கொடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு எட்டு மாதம் வீணாகிவிட்டது.

எங்கள் தேவை பெரிதல்ல. எந்தக் கிளையன்ட்டுக்கு எந்த ஃபீச்சர் ஆன் ஆகியிருக்கிறது, அது ஒப்பந்தத்தில் உள்ளதா டிரையலா, யார் எப்போது ஆன் செய்தார்கள், புதிய கிளையன்ட் ஆன்போர்டிங்கில் (புதிதாகச் சேர்ந்தவரைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யும் வேலையில்) எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரிய வேண்டும். அதுவரை எல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஓடியது. ஒரே கிளையன்ட்டின் பெயரை மூன்று பேர் மூன்று விதமாக அடித்திருப்பார்கள். சேல்ஸ் டீம் வாக்குக் கொடுத்த ஃபீச்சர் சப்போர்ட் டீமுக்குத் தெரியாது.

டூலைச் செய்து தர வந்த வெளி நிறுவனம் காட்டிய டெமோ அருமையாக இருந்தது. கிளையன்ட்டுக்கு ஒரு கட்டம், அதில் ஆன்போர்டிங் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை, பக்கத்தில் சதவீதம். ஆன் செய்தவர் யார் என்ற வரலாறு மட்டும் இல்லை. அது இல்லாமல் முடியாது என்றேன். எது எங்கே ஆன் ஆகியிருக்கிறது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில், பழைய ஃப்ளாக் (ஃபீச்சரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஒன்றை வேறு வேலைக்கு எடுத்துப் பயன்படுத்தியதும், எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய புரோகிராம் கோடு (code) ஏறாமல் விட்டுப்போனதும் சேர்ந்து, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் போனதையும் சொன்னேன். "இரண்டாம் கட்டத்தில் செய்து தருகிறோம் சார்" என்றார்கள். ஒத்துக்கொண்டோம். அது என் தவறு, அதை மறைக்க மாட்டேன்.

பயன்படுத்தத் தொடங்கிய பிறகு ஒரு நீண்ட விடுமுறை வந்தது. மூன்று நாள் யாரும் டூலைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை 64 சதவீதத்தில் நின்ற கிளையன்ட் திங்கட்கிழமை 71-க்கு வந்திருந்தார். எப்படி? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவருக்குத் திட்டமிட்டிருந்தது 42 நாள். வெள்ளிக்கிழமை வரை ஓடியது 27 நாள்; 42-ஆல் வகுத்தால் 64 சதவீதம். திங்கட்கிழமை 30 நாள்; வகுத்தால் 71. அந்தப் பட்டை முடிந்த வேலையைக் காட்டவே இல்லை, நாள்காட்டியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது! டேட்டா மாற்றும் படியில் முழுதாகச் சிக்கி நின்ற கிளையன்ட்டுக்கு, "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்று நாங்களே மெயில் அனுப்பியிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

விடாமல் கேட்டு டேட்டாபேஸைப் பார்க்க அனுமதி வாங்கினோம். கிளையன்ட் டேபிளில் ஃபீச்சர்களுக்கு ஒரே ஒரு நெடுவரிசை (column). எல்லாப் பெயர்களையும் கமா போட்டு அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 'ரிப்போர்ட்' என்று தேடினால் 'ரிப்போர்ட் எக்ஸ்போர்ட்' மட்டும் வாங்கியவரும் பட்டியலில் வந்துவிடுவார். கிளையன்ட்டுக்கு ஒரு டேபிள், ஃபீச்சருக்கு ஒரு டேபிள், இரண்டையும் இணைக்கும் மூன்றாவது டேபிளில் தேதி, ஆள், காரணம். இந்த வேலையில் இருக்கும் யாரும் முதல் நாளே போடும் அமைப்பு இது. அந்த மூன்றாவது டேபிள் இல்லாததால் வரலாறு என்ற ஒன்று இருக்கவே வழியில்லை. இரண்டாம் கட்டம் என்று சொன்னபோதே அது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

விலகலாம் என்று பார்த்தால் ரெப்போ (டூலின் கோடு முழுவதும் இருக்கும் இடம்) அவர்கள் கணக்கில், சர்வர் அவர்கள் கணக்கில், அட்மின் பாஸ்வேர்டும் அவர்களிடம். "வேலை முடிந்தபின் சோர்ஸ் கோடு ஒப்படைக்கப்படும்" என்றது ஒப்பந்தம். முடிந்தது என்று யார் சொல்வது என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் திரையில் தெரியும் 50 வரி மட்டும் இறங்கியது. பக்கம் பக்கமாக இறக்கி, கையால் ஒட்டிச் சேர்த்தோம்.

நீங்கள் முதல் நாளிலிருந்தே ரெப்போவையும் சர்வரையும் உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டெமோவை அவர்கள் டேட்டாவில் பார்க்காதீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே மிகச் சிக்கலான கிளையன்ட்டை, ஒரு ஃபீச்சரை ஆன் செய்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்தவரை, அதில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் தெரியும் ஒவ்வொரு எண்ணும் டேட்டாபேஸின் எந்த நெடுவரிசையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது மறுபடியும் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு கிளையன்ட்டையும் போனில் அழைத்து, எது வேலை செய்கிறது என்று கேட்டுக் குறித்து வருகிறோம். டேட்டாபேஸின் முழு டம்ப் (முழு நகல்) கேட்டு நான்காவது மெயில் போயிருக்கிறது. இன்னும் பதில் இல்லை.