தரவையில் அந்துப்பூச்சி: வேட்டியா, பெட்டியா, கள்ளா?

இலங்கையின் வன்னியில் குளங்களை அண்டிய மேய்ச்சல் புல்வெளிகளான தரவைகளில் அந்துப்பூச்சி பதிவுசெய்யத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் வெள்ளை வேட்டி ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இரண்டு தடிகளுக்கு நடுவே வேட்டியைக் கட்டி, புற ஊதா எல்.ஈ.டி விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் சரி, பவர்பேங்கிலேயே எரியும். பாதரச ஆவி விளக்குக்கு இன்னும் நிறைய வரும்தான். ஆனால் அதற்கு ஜெனரேட்டர் வேண்டும். அந்த இரைச்சலில் யானை வந்தாலும் காதில் விழாது. கண்ணிவெடி அகற்றியது உறுதியில்லாத பக்கம் இறங்கவே வேண்டாம். ஆள் நடமாடும் குளக்கட்டு போதும்.

வேட்டியில் பூச்சி கண்முன்னே உட்கார்ந்திருக்கும். பழச்சாறு உறிஞ்சும் யூடோசிமா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தின் முன்சிறகு காய்ந்த இலை மாதிரி. அதை மட்டும் படமெடுத்து வந்தால் இனம் பிரிப்பது பெரும்பாடு. புல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். முன்சிறகு விரிந்தால் செம்மஞ்சள் பின்சிறகு தெரியும். நடுவில் வட்டமாகக் கரும்புள்ளி இருந்தால் மெட்டேர்னா என்ற இனம். காற்புள்ளி போல வளைந்திருந்தால் ஃபலோனியா என்ற இனத்தின் பக்கம் தேடலாம்.

பெட்டிப்பொறி என்பது விளக்கு, புனல், உள்ளே பூச்சி ஒண்டிக்கொள்ள முட்டை அட்டை. இரவு வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். மாதாமாதம் ஒரே இடத்தில் எண்ணி ஒப்பிட இதுதான் நம்பகமானது, வேட்டிக் கணக்கு முழித்திருக்கும் ஆளைப் பொறுத்தது. ஆனால் விடிந்ததும் போகாவிட்டால் எறும்பு முந்திவிடும், வெயிலும் உள்ளிருப்பவற்றை வாட்டிவிடும். முழுநிலவில் இரண்டுக்குமே வரத்துக் குறைவு.

வெளிச்சத்தை அவ்வளவாக நாடாதவற்றுக்குக் கள்ளு. அதில் கனிந்த வாழைப்பழமும் பனங்கட்டியும் பிசைந்து கலந்து, பொழுதுபடும் நேரம் பாலை, வீரை மரத்தண்டில் பூசுங்கள். கள்ளை மரத்துக்கு ஊற்றுகிறானே என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் அட்லஸ் அந்து போன்றவை இதற்கு வரவே வராது. வளர்ந்தபின் அவற்றுக்கு உண்ணும் வாயுறுப்பே கிடையாது. பகலில் பறப்பவற்றுக்குக் கிலுகிலுப்பைச் செடிகளைச் சுற்றி ஒரு நடை போதும்.

பதிவுக்கு, கண்ட உயிரினங்களைப் படத்தோடு ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி வசதிதான். போனில் எடுத்த படத்தோடு இடமும் நேரமும் தானாக ஏறும், இனம் சொல்லவும் ஆள் கிடைக்கும். ஆனால் ஒன்றுமே வராத இரவை அதில் ஏற்ற முடியாது. அதற்குக் கொப்பிதான்: விளக்கின் வகை, ஏற்றிய நேரம், அணைத்த நேரம், நிலவு, காற்று, மழை. எதுவும் வராவிட்டால் சுழியம் என்றே எழுதி வையுங்கள்.