பாதி சீசனில் விழுந்த இரண்டு அடி: மெட்ஸும் பிரேவ்ஸும்

2021 ஜூலையில் அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக் கிழக்குப் பிரிவில் நியூயார்க் மெட்ஸ் முதலிடம். அட்லாண்டா பிரேவ்ஸுக்கோ ஒரு நாள் வெற்றி, மறுநாள் தோல்வி.

மெட்ஸ் இழந்தது ஜேக்கப் டிகிராமை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.08 ரன்தான் கொடுத்துவந்த பிட்ச்சர் (பந்து வீசுபவர்), காயத்தால் ஜூலை 7-க்கு அப்புறம் அந்த ஆண்டு களத்துக்கே வரவில்லை. மெட்ஸ் பெரிய பேரம் பேசி வாங்கியதோ ஒரு பேட்டரை, ஹாவியர் பாயஸை! எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

பிரேவ்ஸ் இழந்தது ரொனால்ட் அகுன்யாவை; மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டர். ஜூலை 10, மயாமி மைதானம். பந்தைப் பிடிக்க எம்பியவர் இறங்கும்போது வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. ஐந்து நாளுக்கொருமுறை வீசும் பிட்ச்சரைவிட தினமும் ஆடுபவரை இழப்பது பெரிய அடி என்பேன். ஆனால் அதைச் சமாளிக்க வழி உண்டு. பீடர்சன், சோலேர், டுவால், ரொசாரியோ என நாலு அவுட்ஃபீல்டர்களை அந்த மாதமே வாங்கிப்போட்டார்கள். டிகிராமுக்கு அப்படி நாலு பேரைச் சேர்த்தாலும் ஈடாகாது.

மெட்ஸ் 77 வெற்றியோடு மூன்றாமிடத்துக்குச் சரிந்தது. பிரேவ்ஸ் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸையே வென்றது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அந்த நால்வரில் ஒருவரான சோலேர்.