சேஜ்மேத்: ஷெல்லில் ஒரு விடை, ஸ்கிரிப்டில் வேறு விடை

ஆறு ஆண்டுகளாக எண் கோட்பாட்டுக் கணக்குகளை சேஜ்மேத்தில்தான் போடுகிறேன். வில்லியம் ஸ்டைன் 2005இல் தொடங்கிய இலவசக் கணித மென்பொருள் இது, அடித்தளம் பைத்தான் நிரல்மொழி. இதில் புதிதாக நுழைபவருக்கு முதல் நாளே சொல்லியாக வேண்டிய ஒன்றை எனக்கு யாரும் சொல்லவில்லை.

கொலாட்ஸ் கணக்கில் அடிபட்டேன். இரட்டைப்படை எண்ணைப் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 1ஐ அடைய எத்தனை படி? பத்து லட்சத்துக்குள் அதிகப் படிகள் எடுக்கும் எண் 837799, படிகள் 524 என்றது ஷெல், அதாவது வரி வரியாகத் தட்டி உடனுக்குடன் விடை பார்க்கும் திரை. அதே வரிகளை ஸ்கிரிப்டாக, அதாவது ஒரு பைத்தான் கோப்பில் போட்டு மொத்தமாக ஓட்டினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. விடை 9, படிகள் 19. பிழைச்செய்தி எதுவும் இல்லை.

ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகே பிடிபட்டது. வரம்பை 10^6 என்று எழுதியிருந்தேன். நாம் தட்டும் வரியைச் சேஜ் ஷெல் முதலில் திருத்தி எழுதிவிட்டுத்தான் பைத்தானிடம் கொடுக்கிறது. ^ அங்கே அடுக்குக்குறி. வெறும் பைத்தானுக்கோ அது இரு எண்களின் பிட்டுகளை (0, 1 என்ற இரும இலக்கங்களை) ஒப்பிடும் எக்ஸ்-ஆர் குறி. 10^6 என்றால் அதற்கு 12! எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் சுழல் 11உடன் நின்றிருக்கிறது. பிழைச்செய்தி வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. சரியானதுபோல் வந்து நிற்கும் தவறான விடைக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

வகுத்தலிலும் இதே கதை. 1/1 முதல் 1/10 வரை கூட்டினால் ஷெல் 7381/2520 என்று பின்னமாகவே தரும். பைத்தான் கோப்பு 2.92896... என்று தசமமாக்கிவிடும்.

தீர்வு எளிது. கோப்பின் பெயர் 'டாட் சேஜ்' என்று முடியட்டும். அதே திருத்தம் நடக்கும். திருத்திய வடிவமும் பக்கத்தில் தனிக் கோப்பாக உருவாகும். அதை ஒருமுறையாவது திறந்து படியுங்கள், எல்லாம் விளங்கும். விடையைப் பார்க்க பிரிண்ட் கட்டளை மட்டும் நாமே எழுத வேண்டும்.

ஷெல்லுக்கும் ஒரு குறை உண்டு. காலையில் ஒரு மாறிக்குக் கொடுத்த மதிப்பு மாலையிலும் அப்படியே இருக்கும். அதை மறந்து போட்ட கணக்குகளை இருமுறை தூக்கி எறிந்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு யோசனையைத் தொட்டுப் பார்க்க ஷெல்லைவிட நல்ல இடமில்லை. அட்டாச் கட்டளையால் கோப்பை ஷெல்லுடன் இணைத்துவிட்டால், சேமிக்கும்போதெல்லாம் புதிய வடிவம் தானாக ஏறிக்கொள்ளும். இரவு முழுதும் ஓட வேண்டியவற்றை மட்டும் ஸ்கிரிப்டாகத் தனியே ஓட்டுகிறேன். அதன் முதல் வரி, வரம்பு என்ன என்பதைத் திரையில் காட்டும்.