ரேநாக்ஸ் டிசிஆர்-250: காலி மனைக்கு ஏற்ற கண்ணாடி

பூச்சிகளைப் பெரிதாகப் படமெடுக்க கேமரா லென்ஸின் முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 கண்ணாடியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது விலையை அல்ல, 12.5 சென்டிமீட்டர் என்ற அளவைத்தான். இதை மாட்டிவிட்டால் கண்ணாடியின் முன்முகத்திலிருந்து ஏறத்தாழ அந்தத் தூரத்தில் இருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும். அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்தத் தூரம் வரை நம்மை வரவிடும் உயிர்கள் எவை, எந்த நேரத்தில் விடும் என்று தெரிந்தவருக்கு இது தங்கம். தெரிந்துகொள்ளப் பொறுமை இல்லாதவருக்குக் காசு வீண்.

இது தனி லென்ஸ் அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஜூம் லென்ஸின் முன்னால், இரண்டு பக்கமும் அமுக்கி மாட்டுகிற கிளிப்போடு வரும் க்ளோசப் கண்ணாடி. பவர் 8 டயாப்டர். மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்கிற அதே பவர்தான். 1 மீட்டரை 8 ஆல் வகுத்தால் அந்த 12.5 வந்துவிடும். என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமராவும் 55-250 எஸ்டிஎம் லென்ஸும். ஜூமை 250 மி.மீ. இல் வைத்தால் இரண்டு மடங்கு பெருக்கம் கிடைக்கிறது. அதாவது 11 மில்லிமீட்டர் அகலத்தில் இருப்பது படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிரப்பும். 135 பக்கம் வைத்தால் அசல் அளவு, அதாவது பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் கேமராவின் சென்சாரில் விழும். சின்னப் பொருள்களை எடுப்பதற்கென்றே வரும் மேக்ரோ லென்ஸ்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். 55 பக்கம் இறங்கினால் நான்கு மூலையும் கறுத்துவிடும், அங்கே வேலையே இல்லை.

எனக்குப் பிடித்த விஷயம், ஜூமைத் திருகினாலும் தூரம் பெரிதாக மாறுவதில்லை. 100 இல் வைத்துப் பூச்சியைத் தேடிப் பிடித்துவிட்டு, கையை அப்படியே வைத்துக்கொண்டு 250க்குப் போகலாம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போல இது வெளிச்சத்தைத் தின்பதும் இல்லை. ஆட்டோஃபோகஸை மட்டும் அணைத்துவிடுங்கள். உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பூச்சியின் கண் தெளிகிற நொடியில் அழுத்துவதுதான் ஃபோகஸ். முழுப் பெருக்கத்தில் தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான். மூச்சு விட்டாலே போய்விடும்.

நான் இருப்பது கோவையில், சிங்காநல்லூர் பக்கம். இங்கே கேமரா வைத்திருப்பவர்கள் குளத்துக்குத்தான் போவார்கள், பறவைகளுக்காக. நானும் போவதுண்டு. ஆனால் இந்தக் கண்ணாடிக்கு அதிகம் தீனி போட்டது குளமல்ல, தெருமுனையில் கம்பி வேலி சரிந்து கிடக்கும் காலி மனை. எருக்கு, துத்தி, நாயுருவி, தும்பை, உண்ணிச்செடி எல்லாம் கலந்து மண்டிக் கிடக்கும். நாம் களை என்று சொல்வது எதுவோ அதில்தான் பூச்சி இருக்கிறது. பூங்காக்களில் வெட்டி விட்ட புல்தரையையும் குரோட்டன்ஸையும் மணிக்கணக்கில் தேடினாலும் அந்த மனையின் ஒரு மூலையில் கிடைப்பது கிடைக்காது. மனைக்காரர் ஜேசிபியை விட்டுச் சுத்தம் செய்தால் எல்லாம் போச்சு. அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும் என்பதுதான் ஆறுதல்.

அங்கே எனக்குப் பிடித்தவை நீலப்பட்டைத் தேனீக்கள். பகலில் இவற்றை எடுக்க முயல்வது வெட்டி வேலை, ஒரு பூவில் ஒரு நொடி கூட நிற்காது. பொழுது சாயும்போது கதை மாறும். ஆண் தேனீக்களுக்குக் கூடு கிடையாது. காய்ந்த தண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தாடையால் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வரிசையாகத் தூங்கும். பெரும்பாலும் மறுநாளும் அதே தண்டுக்கே வரும். ஒருமுறை தண்டைக் கண்டுபிடித்துவிட்டால் 12.5 சென்டிமீட்டர் ஒரு தடையே இல்லை. வயிற்றில் மின்னும் அந்த நீலப் பட்டை, முகத்தில் ஒட்டிய மகரந்தத் தூள் எல்லாம் விழும். தண்டைக் கையால் வளைக்காமல் நாம் வளைந்தால் போதும். இருட்டில் டார்ச்சோடு குனிந்து நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டுப் பாட்டி, "ஏங்கண்ணு, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்பார். இப்போது அவரே வந்து, "இந்தப் பக்கம் ஒண்ணு உக்காந்திருக்குது பாரு" என்கிறார்.

அடுத்தது குதிக்கும் சிலந்திகள். இவற்றுக்கு வீட்டை விட்டே போக வேண்டாம், காம்பவுண்டு சுவர் போதும். பூச்சிகள் கண்ணாடியைக் கண்டு ஓடும், இவை திரும்பி நின்று நம்மைப் பார்க்கும். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்களுக்கு உள்ளே விழித்திரை அசைவதால், ஒரு படத்தில் கண் கறுப்பாகவும் அடுத்த படத்தில் வெளிறியும் தெரியும். கேமராவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் எறும்பு வேடம் போடும் சிலந்தியையும் தேடலாம். முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். கால்களை எண்ணினால்தான் குட்டு வெளிப்படும். (முசுறு நம் கையில் ஏறுவதைச் சகித்துக்கொள்ள வேண்டும். கடி லேசானது இல்லை.)

எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருக்கும் வீட்டில் அழகிப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் கிடைக்கும். சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரி, வளர்ந்தபின் இலைப்பச்சை. தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற உறுப்பை நீட்டி வாடை விடும். அதைப் படமெடுப்பதற்காகக் குச்சியால் குத்துகிறவர்கள் உண்டு. பூச்சியைப் பிரிட்ஜில் வைத்து விறைக்கவைத்துப் படமெடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை, அப்படி எடுத்த படத்தைப் பாராட்டவும் மாட்டேன்.

வண்ணத்துப்பூச்சிக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் இது வேண்டாம். எருக்கில் முட்டையிட வரும் வெந்தய வரியனை நண்பகலில் அரைச் சாண் தூரத்தில் நெருங்குவது நடக்காத காரியம். அதற்குப் பவர் குறைந்த டிசிஆர்-150 இருக்கிறது, 4.8 டயாப்டர், இருபது சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம். தட்டானுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை அது பறக்காது. விடியலில் போனால், பனித்துளி ஒட்டிய கூட்டுக்கண்ணை நிதானமாக எடுக்கலாம். மார்கழி, தை மாதங்கள் இதற்கு அருமையானவை.

ஆடி மாதம் நேர்மாறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோவையை விடாது. செடி ஆடும்போது இரண்டு மடங்குப் பெருக்கத்தில் பூச்சியைப் படத்துக்குள் வைத்திருப்பதே பெரும்பாடு. அந்த மாதங்களில் சுவரில் இருக்கும் சிலந்தி, பல்லி, கழிவறை ஜன்னலில் வந்து ஒட்டும் அந்துப்பூச்சி, இவற்றோடு சரி.

வெளிச்சம் இல்லாமல் இந்தக் கண்ணாடி பாதிதான். ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200, அப்புறம் ஃபிளாஷ். கேமராவில் எழும்பும் ஃபிளாஷே போதும், ஆனால் நீண்ட லென்ஸின் நிழல் பூச்சி மேல் விழும். பிரிங்கிள்ஸ் டப்பாவின் அடியை வெட்டி ஃபிளாஷில் செருகினால், உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு வெளிச்சத்தை முன்னால் கொண்டுவரும். டப்பாவின் வாயில், மிக்சிப் பெட்டிக்குள் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளைக் கட்டினால் வண்டின் முதுகில் கூசும் வெள்ளைப் புள்ளி குறையும். பார்க்கக் கேவலமாக இருக்கும், வேலை செய்யும்.

இப்போது போனிலேயே மேக்ரோ இருக்கிறதே என்றால், இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதற்கு 2, 3 சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். போனின் நிழல் விழுந்து, பூச்சியும் போய்விடும். நத்தைக்கும் மரவட்டைக்கும் போன் போதும். பெயர் தெரிந்துகொள்ள, உயிர்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றாலும் போதும்.

பராமரிப்பு அதிகமில்லை. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்காது. வாங்குமுன் உங்கள் லென்ஸின் முன்விளிம்பில், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 52 முதல் 67 வரை என்றால் கிளிப் நேராக மாட்டும். அதைவிடச் சின்ன விளிம்பு என்றால் கிளிப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியின் 43 மி.மீ. மரைக்குப் பொருந்தும் வளையம் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.